திடல் காலியாகக் கிடக்க, நம்ம கூடாரத்து வாசலிலேயே வந்து கடை விரித்தால் என்ன சொல்வது?

சிப்புட்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு பேராவில் உலு செப்போர் பக்கம் ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தங்கினோம். நாங்கள் சுங்கை சிப்புட், காடியில் போனால் பெரிய தூரமில்லை. மதியம் போய்ச் சேர்ந்தபோது திடல் காலி. ஆற்றிலிருந்து தள்ளிக் கொஞ்சம் மேடாகப் பார்த்துக் கூடாரம் போட்டு, முன்னால் ஒரு தார்ப்பாயும் கட்டி, அடுப்பை வைத்துவிட்டோம்.

சாயங்காலம் வேனில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. நம்ம ஆட்கள்தான். அவ்வளவு பெரிய திடலில் நேராக எங்களிடம் வந்து, எங்கள் தார்ப்பாய்க் கயிறு இறங்கும் இடத்துக்கு உள்பக்கமாகவே அவர்கள் முளையை அடித்தார்கள். அவர்கள் வாசல் எங்கள் அடுப்பைப் பார்த்தபடி. நான் கெம்போங் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். ஒரு அங்கள் எங்கள் மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னம்மா, மஞ்சள் கூடிப் போச்சு போல" என்கிறார். ராத்திரி கராவோக்கே பெட்டி. பாத்ரூம் போக எழுந்த என் மாமியார் அவர்கள் கயிறு தடுக்கி விழப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர், "விடு, நம்ம ஆளுங்கதானே" என்று திரும்பிப் படுத்துவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நம்ம ஆள் என்றால் ஒரு வார்த்தை கேட்காமல் வரலாமா? இந்த மாதிரி நேரத்தில் சண்டை இல்லாமல் எப்படிச் சொல்வது? எவ்வளவு தூரம் விடுவதுதான் முறை?

கெடா காத்து:
மஞ்சள் கூடிப்போச்சா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே.

கூடாரத்தச்சன்:
அக்கா, தூரத்துக்கு நம்மூரில் எல்லாரும் ஒத்துக்கொண்ட கணக்கு ஒன்றும் இல்லை. பிரிட்டனில் முகாம் தளங்களில் ஒரு கூடாரத்துக்கும் அடுத்த கூடாரத்துக்கும் நடுவே 6 மீட்டர் விடச் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொன்னதில்லை, தீக்குப் பயந்து சொன்னது. கூடாரத் துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். ஒன்றில் நெருப்புப் பிடித்தால் பக்கத்துக் கூடாரத்தில் தூங்குகிறவர் எழுந்து ஜிப்பைத் தேடுவதற்குள் அதுவும் பற்றிக்கொள்ளும். அதோடு நம்ம ஆட்கள் கேஸ் டின் அடுப்பைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துத்தான் சமைக்கிறோம்.

நம்மூர்த் திடலில் விடுமுறைக் கூட்டத்தில் 6 மீட்டருக்கு எங்கே போவது? நான் பார்ப்பது இரண்டுதான். என் கயிறும் அடுத்தவர் கயிறும் குறுக்கே போகக்கூடாது. நடுவில் ஒருவர் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு இடிக்காமல் நடக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நான் வேறு இடம் பார்ப்பேன், இல்லையென்றால் பேசுவேன்.

எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். ஆற்றுப் பக்கம் என்றால் எனக்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது: கெப்பாலா ஆயர், அதாவது ஆற்றில் திடீரென்று இறங்கும் வெள்ளம். மேலே மலையில் மழை பிடித்தால் நம் தலைக்குமேல் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். தண்ணீர் திடீரென்று கலங்கும், சருகும் குச்சியும் மிதந்து வரும், ஆற்றுச் சத்தம் கனக்கும். அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட ஒரு பாதை வேண்டும். கயிறு மேல் கயிறாகப் பின்னி வைத்தால் இருட்டில் எந்தப் பக்கம் ஓடுவது? "அண்ணே, தண்ணி வந்தா இந்த வழியாத்தான் ஓடணும், கொஞ்சம் தள்ளிக் கட்டிக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். "உங்களால் எங்களுக்குத் தொந்தரவு" என்றால் முறைப்பார்கள். வெள்ளம் என்றால் அவர்களே முளையைப் பிடுங்குவார்கள்.

2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங் காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அங்கே கூடாரங்களைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, மலையே இறங்கி வந்தது. ஆனால் அதற்கப்புறம் எந்தத் தளத்துக்குப் போனாலும், மூட்டையை இறக்குவதற்கு முன்னால் எந்தப் பக்கம் சரிவு, எந்தப் பக்கம் வெளியே போகும் வழி என்று ஒரு சுற்று பார்த்துவிடுவேன். அந்த வழியில் யார் கூடாரம் போட்டாலும் சொல்வேன். முகம் பார்க்க மாட்டேன்.

கெடா காத்து:
தச்சன் சொல்வது பாதுகாப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி இது என்ன பெரிய விஷயம்? நாமெல்லாம் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், ஒட்டி ஒட்டி வளர்ந்தவர்கள். முதல் வீட்டில் தாளித்தால் கடைசி வீட்டில் தும்மல் கேட்கும். இப்போது தாமான் குடியிருப்புக்கு வந்து, வேலி போட்டு, கேட் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாமல் இருக்கிறோம். காட்டுக்குப் போயுமா வேலி? இருட்டு, காடு, பாம்பு என்று பயந்து, நம்ம முகமாகத் தெரிகிற இடத்தில் வந்து ஒண்டியிருப்பார்கள். தனியாக இருக்க ஆசை என்றால் ஹோட்டலில் ரூம் எடுக்க வேண்டியதுதானே?

கித்தாமரம்:
கெடா தம்பிக்கு. நான் லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, கல்யாணமும் அங்கேயே முடித்தவன். ஒட்டி இருந்தோம், சரி. ஆனால் யாரும் யார் வீட்டுக்குள்ளும் சும்மா நுழைந்துவிட மாட்டார்கள்.

வீடுகளுக்கு முன்னால் அஞ்சடி என்ற நடைபாதை நீளமாக ஒன்றாகத்தான் ஓடும். நடுவில் கோடு கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா வாசல் கூட்டிக்கொண்டு வரும்போது விளக்குமாறு எந்த இடத்தில் நிற்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் அம்மா அதற்கு ஒரு சாண் முன்னாலேயே கூட்டுவதை நிறுத்திவிடுவார், அந்த அக்காவும் அந்தப் பக்கம் ஒரு சாண் விட்டுவிடுவார். நடுவில் அந்த ஒரு சாணில் மட்டும் எப்போதும் கொஞ்சம் புழுதி கிடக்கும். அதை வைத்து யாரும் சண்டை போட்டதில்லை.

வாசலில் நின்று குரல் கொடுக்காமல் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். ஆம்பிளை மலைக்காட்டுக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரமென்றால் அஞ்சடியிலேயே பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். பொதுக் குழாயில் பெண்கள் குளிக்கிற நேரம் என்று ஒன்று உண்டு. அந்த நேரத்தில் எந்தப் பையனாவது அந்தப் பக்கம் சைக்கிள் விட்டால், யார் வீட்டுப் பையன் என்றுகூடப் பார்க்காமல் கிடைத்தவர் அடிப்பார். விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் வரிசையில், நிற்க வேண்டும், அதனால் ராத்திரி வானொலிச் சத்தம் தானாகத் தணியும். மறந்தால் பலகைச் சுவரில் இரண்டு தட்டு. அதற்குமேல் பேச்சு இல்லை, மறுநாள் முறைப்பும் இல்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை பலகை வழியாக அப்படியே கேட்கும். காலையில் குழாயடியில் யாரும் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அந்த அங்கள் லயத்து ஆளாக இருந்தால் அடுத்தவர் நாற்காலியைக் கேட்காமல் இழுத்திருக்க மாட்டார். இது தோட்டத்துப் பழக்கம் இல்லை தம்பி, தோட்டத்தை விட்டு வந்தபின் தொலைத்த பழக்கம்.

மூணாம் லயம்:
கித்தாமரம் ஐயா, குழாயடியில் யாரும் வாய் திறக்க மாட்டார்களா? எங்கள் தோட்டத்தில் குழாயடிதான் காலைச் செய்தியும் மாலைச் செய்தியும். நேற்று ராத்திரி யார் யாரை என்ன சொல்லித் திட்டினார்கள் என்று எங்கள் பாட்டி குடத்தை இறக்குமுன் தெரிந்துவிடும்.

கித்தாமரம்:
உங்கள் தோட்டத்துக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக வந்திருக்கும்.

பீடோர் அக்கா:
ஆண்கள் எல்லாரும் மீட்டர் கணக்கு பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

லாத்தா கிஞ்சாங்குக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பிள்ளைகள் கைலி கட்டிக் குளிக்கிறார்கள். எதிர்ப் பாறையில் ஒரு கூட்டம். பக்கத்தில்கூட இல்லை, நல்ல தூரம்தான். ஆனால் போனை அருவிப் பக்கம் பிடிக்கிற சாக்கில் பிள்ளைகள் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். 6 மீட்டர் இல்லை, 60 மீட்டர் தள்ளி இருந்தாலும் அது எங்கள் இடத்துக்குள் நுழைந்ததுதான். நான் தண்ணீரிலிருந்து ஏறிப் போய், "தம்பி, படத்தை அழிச்சிட்டுக் காட்டு" என்றேன். முதலில் மழுப்பினான். என் தங்கச்சி சத்தமாக மலாயில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னதும் அழித்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். நம் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் 509ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவரின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல், சைகை காட்டுவதும், அந்தரங்கத்தில் தலையிடுவதும் குற்றம். 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்று வாயடிக்கிறவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள், குரல் இறங்கும்.

உடை மாற்றுகிற இடத்திலும் இதே கதை. தளங்களில் கழிவறை வாசலுக்கு நேராகவே கூடாரம் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஈரத் துணியோடு போகிற பெண் அவர்கள் முன்னால் அணிவகுப்பு நடத்த வேண்டும். அவர்கள் ஒன்றும் செய்யவில்லைதான், சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று ஒரு யோசனை வேண்டாமா? கேடிஎம் கொமுட்டர் ரயிலில் 2010லேயே பெண்களுக்குத் தனிப் பெட்டி விட்டார்கள். தேவை இல்லாமலா விட்டார்கள்? காட்டில் தனிப் பெட்டி கேட்கவில்லை. முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பி உட்காருங்கள், போதும்.

குளுவாங் கோபி:
இதையெல்லாம் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1960களில் எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் ஒரு கணக்குச் சொன்னார். சுமார் 45 சென்டிமீட்டருக்குள் வருவது மிக நெருங்கியவர்களுக்கு மட்டும். அங்கிருந்து 1.2 மீட்டர் வரை நண்பர்கள், தெரிந்தவர்கள். அதற்கு அப்பால் 3.6 மீட்டர் வரை வேலை விஷயமாகப் பேசுகிறவர்கள், அறிமுகமில்லாதவர்கள். அது அமெரிக்கர்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு, ஊருக்கு ஊர் மாறும் என்று அவரே சொன்னார். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 42 நாட்டு மக்களிடம் கேட்டார்கள். அறிமுகமில்லாதவர் அர்ஜென்டினாவில் முக்கால் மீட்டர் தூரத்தில் நின்றாலே அவர்களுக்குச் சரி. ருமேனியாவில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். பொதுவாகப் பெண்களும் வயதானவர்களும் கூடுதல் தூரம் கேட்கிறார்கள். சிப்புட்காரிக்கு அந்த அங்களைப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இந்தத் தூரம் எல்லாம் ரத்தத்தில் ஊறியது என்றால் எப்படி இவ்வளவு சீக்கிரம் மாறுகிறது? 2020 மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபின், 1 மீட்டர் தள்ளி நிற்பதைச் சில வாரத்தில் பழகிவிட்டோம். எங்களூர் பாசார் மாலாம் இரவுச் சந்தையில்கூடத் தள்ளி நின்று அப்பம் பாலிக் வாங்கினார்கள். எங்களூர் அஞ்சலகத் தரையில் அன்று ஒட்டிய மஞ்சள் கோடு இன்னும் பாதி கிழிந்து கிடக்கிறது. இப்போது ஒரு கோட்டின்மேல் இரண்டு பேர் நிற்கிறார்கள், பின்னால் நிற்பவரின் மூச்சு என் காதில் படுகிறது.

வெள்ளை உடுப்பு:
அரசாங்கக் கிளினிக்கில் வேலை செய்கிறேன், எந்த ஊர் என்று வேண்டாம். முகாமுக்கு வருஷத்துக்கு ஒருமுறை போவீர்கள், கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை வருகிறீர்கள். அங்கே நடப்பதைக் கேளுங்கள்.

முகப்பில் ஒருவர் தன் அட்டையைக் கொடுத்துப் பேசும்போது பின்னால் நிற்பவர் தோளுக்கு மேலே எட்டி அட்டையைப் படிக்கிறார். படித்துவிட்டு, "ஓ, உனக்கும் இனிப்புநீரா? எவ்வளவு இருக்கு?" என்று ஆரம்பிக்கிறார். சின்ன ஊர், கேட்பவர் அம்மாவுக்குத் தெரிந்தவராக இருப்பார், பதில் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு இளம் பெண் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க வந்தாள். பின்னால் தோட்டத்து ஆள் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துப் பார்த்து, கடைசியில் எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு எல்லாருக்கும் பின்னால் வாங்கிக்கொண்டு போனாள். நான் இப்போது செய்வது: அடுத்தவர் நெருங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு, "ஐயா, நீங்க அந்த நாற்காலியில உட்காருங்க, நம்பர் வந்தா நானே கூப்பிடுறேன்" என்பேன். தள்ளிப் போங்கள் என்றால் கோபம் வரும். உட்காருங்கள் என்றால் மரியாதையாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

நாலாம் மேசை:
என் மச்சான் ஒட்டுக்கடை வைத்திருக்கிறார், சாயங்காலம் நான்தான் கல்லாவில். மேசை பகிர்ந்துகொள்வதைப் பாருங்கள். கூட்டமான நேரத்தில் யாராவது வந்து காலி நாற்காலியைத் தொட்டு, "இங்க ஆள் இருக்கா?" என்பார். இருக்கிறவர் தலையை ஆட்டுவார், தன் தே தாரேக் கிளாசைத் தன் பக்கம் நாலு விரல் நகர்த்திக்கொள்வார். முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள், யாருக்கும் வருத்தமில்லை. அதே நாற்காலியில் கேட்காமல் வந்து தொப்பென்று உட்கார்ந்து பாருங்கள். பாதி ரொட்டியோடு அவர் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவார். தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சிகரெட் தனிக் கதை. 2019 ஜனவரி 1லிருந்து சாப்பாட்டுக் கடையில் புகைக்கக்கூடாது, 3 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். எங்கள் கடை ஓரத்தில் ஒரு மரம் இருக்கிறது, அதுதான் 3 மீட்டர் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். மழை பெய்தால் மட்டும் அந்த மரம் கடைக்குள் நகர்ந்து வந்துவிடும்.

கெடா காத்து:
கேட்டுவிட்டு வா, கேட்டுவிட்டு வா என்கிறீர்கள். சரி, அந்தக் கூட்டம் வந்து, "அக்கா, இங்க போட்டுக்கலாமா?" என்று கேட்டிருந்தால் சிப்புட்காரி என்ன சொல்லியிருப்பார்? "கூடாது, அந்தப் பக்கம் போங்க" என்றா? நம்ம ஊரில் அப்படிச் சொல்ல யாருக்கு வாய் வரும்? "அதுக்கென்ன, வாங்க வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் புழுங்கியிருப்பார். கேட்பது வெறும் சம்பிரதாயம்.

சிப்புட்காரி:
கெடா அண்ணே, வரவேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன், உண்மை. ஆனால் கேட்டிருந்தால் எனக்கும் பேச ஒரு வாய் கிடைத்திருக்கும். "வாங்க, ஆனா வாசலை அந்தப் பக்கமா வைங்க, இங்க அத்தை ராத்திரி நடப்பாங்க" என்று சொல்லியிருப்பேன். "பெட்டி கொண்டு வந்திருக்கீங்களா? பத்து மணி வரைக்கும் பாடுங்க, நானும் ஒரு பாட்டு பாடுறேன்" என்றும் சொல்லியிருப்பேன். முளையை அடித்து முடித்தபின் இதைச் சொன்னால் அது புகார் ஆகிவிடுகிறது. ஹோட்டல் ரூமுக்குக் காசு நீங்கள் தருவதாக இருந்தால் யோசிக்கிறேன்.

மஞ்சள் கூடித்தான் போயிருந்தது. அதைச் சொல்ல வேண்டியது அவர் இல்லை.

கூடாரத்தச்சன்:
சத்தம் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, அதுதான் எனக்குப் பெரிய தலைவலி. ராத்திரி ஆற்றின்மேல் காற்று குளிர்ந்து தாழ்வாகப் படியும், மேலே கொஞ்சம் சூடாக இருக்கும். அந்த மாதிரி நேரத்தில் சத்தம் மேலே போகாமல் கீழே வளைந்து வெகுதூரம் ஓடும். பாடுகிறவருக்கு அளவாகத்தான் கேட்கும், திடலின் மறுமுனையில் படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் இருக்கும். கூடாரத் துணி எந்தச் சத்தத்தையும் நிறுத்தாது. அதனால் பெட்டிக்காரர்களிடம் சாப்பாட்டு நேரத்திலேயே, அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது போய்ச் சொல்லிவிடுங்கள். நடுராத்திரியில், நாலு போத்தல் காலியானபின் போனால் வேறு மாதிரி முடியும். கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் இருப்பார், அவரிடம் சொன்னால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஜெனரேட்டர் கொண்டுவருகிறவர்கள் சத்தத்தை மட்டும் யோசிக்கிறார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது. தங்கள் கூடாரத்திலிருந்து தள்ளி வைக்கிறேன் என்று அடுத்தவர் கூடாரத்துப் பக்கம் வைத்துவிடுகிறார்கள். எல்லார் கூடாரத்திலிருந்தும் குறைந்தது 6 மீட்டர், புகைவாய் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். மழை வந்ததும் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைப்பதும் அதே ஆபத்துதான்.

மூணாம் லயம்:
மணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டம் பன்றி வாட்டுகிற கூட்டம். பக்கத்தில் மலாய்க் குடும்பம் இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அடுப்பை நகர்த்துவோம், தட்டு கழுவப் பொதுக் குழாய்க்குப் போகாமல் வாளியில் மொண்டு தனியாகக் கழுவுவோம். ஒருமுறை அடுத்த கூடாரத்துப் பாக்சிக், நாங்கள் கோயில் மாலை போட்டவர்களோடு வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, மாட்டு சாத்தே அடுப்பை அவராகவே தூக்கிக்கொண்டு திடலின் அந்த மூலைக்குப் போனார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எங்களுக்குக் கோழி சாத்தே வந்தது, நாங்கள் முறுக்கு கொடுத்தோம். நம்ம ஆளுக்கு நம்ம ஆள் மட்டும் ஏன் இந்த அளவுக்குப் பார்த்துக்கொள்வதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

கித்தாமரம்:
நம்ம ஆள்தானே, எதுவும் சொல்ல மாட்டான் என்ற தைரியம். அந்தத் தைரியத்தைக் கொடுத்ததில் சிப்புட்காரியின் வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. திரும்பிப் படுத்தாரே.

சிப்புட்காரி:
ஐயா, இந்த வரியை அவரிடம் காட்டிவிட்டேன். தே போடப் போயிருக்கிறார்.

கெடா காத்து:
சரி, இவ்வளவு பேசியாகிவிட்டது, எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை போவோமா? நவம்பரில் எனக்கு லீவு இருக்கிறது.

கூடாரத்தச்சன்:
நவம்பர் வேண்டாம் அண்ணே. அக்டோபர், நவம்பரில் பேராவில் சாயங்காலம் ஆனால் மழைதான், ஆற்றுப் பக்கம் நான் வரமாட்டேன். தைப்பூசம் முடியட்டும். இடம் நான் பார்க்கிறேன், சமையல் அவரவர்.

பீடோர் அக்கா:
வருகிறேன். கெடா காத்து பெட்டி கொண்டுவருகிறாரா இல்லையா என்று முதலில் சொல்லட்டும்.

கெடா காத்து:
பத்து மணி வரைக்கும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு பாட்டு பாடுவதாகவும்.